காத்தாயி காது கொடுத்த மேடு

ரொம்ப ரொம்ப முன்னாடி, ஏரிக்கரையில ஒத்த பனைகூட முளைக்காத காலத்துல, நம்ம நெட்டேரி ஊரு இப்ப இருக்கிறதுல பாதிகூட இல்லையாம். நான் பார்க்கலை. எனக்குச் சொன்னவங்களும் பார்க்கலை. ஆனா சொன்னவங்க ஒருத்தரும் மாத்திச் சொன்னதில்லை.

அறுப்பு முடிஞ்சா மேற்கேயிருந்து வாத்துக்காரங்க வருவாங்களாம். சிந்தின நெல்லை வாத்து பொறுக்கும், நத்தையைத் தின்னும், போற வழியெல்லாம் எரு போடும். அப்படி வந்தவதான் காத்தாயி. கூட அவ புருஷன் சடையன். பெரிய மந்தை. அது போக, வாத்து முட்டையைக் கோழிக்கு அடியில வச்சுப் பொரிச்ச குஞ்சு ஒரு கூடை.

அந்த வருஷம் புயல் வந்துச்சு. ஏரி உடைஞ்சுச்சு. அறுத்துக் குவிச்ச நெல்லு போச்சு, கட்டிப்போட்ட மாடு போச்சு. மந்தையைத் திருப்பறேன்னு போன சடையனும் போயிட்டான். காத்தாயி மட்டும் கழுத்தளவு தண்ணியில, தலையில குஞ்சுக் கூடையோட நின்னாளாம். அவளுக்குக் கயிறு வீசினது யாரு? நம்ம ஊரு வேம்புலி பொண்டாட்டி அங்கம்மா. நிறைமாசக்காரி.

“கூடையை விட்டுட்டுக் கயித்தப் பிடிடி.”

“கூடையை விட்டா நான் எதுக்குக்கா வரணும்.”

கூடையோடதான் இழுத்தாளாம். இழுத்தவளுக்கு மறுநாளே வலி எடுத்து ஒரு பொண்ணு பொறந்துச்சு. காத்தாயிதான் பிள்ளையைக் கையில வாங்கினாளாம்.

அப்புறம் பஞ்சம். தண்ணி வடிஞ்ச வயல்ல விதைக்க ஊர்ல ஒரு பிடி நெல்லு இல்லை. கீரை, கிழங்கு, நண்டு, அதுதான் சாப்பாடு. அங்கம்மா தன் கஞ்சியில பாதியைக் காத்தாயிக்கு ஊத்துவா. வேம்புலி முணுமுணுப்பான், ஆனா தடுக்கமாட்டான். மனுஷங்க இளைச்சாங்க. வாத்துக்குஞ்சு மட்டும் சேத்துல நத்தையாத் தின்னு கொழுத்துச்சு. இறக்கை அரும்பற வயசு. எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி.

ஒரு நாள் அங்கம்மாவுக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை உறிஞ்சிப் பார்க்குது, ஒண்ணும் வரலை. அழக்கூடத் தெம்பில்லாம கிடக்குது. வேம்புலி காத்தாயிகிட்ட வந்தான். வாத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

காத்தாயியே சொன்னா: “எடுத்துக்கண்ணே. ஊருக்கே எடுத்துக்க. ஆனா ஆணை மட்டும் எடு. பெட்டையைத் தொடாதே. பெட்டை இருந்தா முட்டை வரும், அடுத்த அறுப்பு வரைக்கும் ஊர் பிழைச்சுக்கும். இரு, மேயப் போனதையும் ஓட்டிக்கிட்டு வரேன்.”

ஓட்டிக்கிட்டு வரப் போனா. இவன் இருந்தானா? இருக்கலை. வால்ல சுருட்டை இறகு முளைச்சிட்டா ஆணுன்னு யாரும் சொல்லிடலாம். அதுக்கு இன்னும் நாள் ஆகும். பசிக்கு ஏது நாள். வேம்புலி கோழி வளர்த்தவன். கோழியில கூவறது எது? சேவல். அப்போ வாத்துல கத்தறது எது? அதுவும் சேவல்தானே. இப்படிக் கணக்குப் போட்டான். பட்டியில எது தொண்டை கிழியக் கத்துச்சோ, அதைப் பிடிச்சு அறுத்துட்டான்.

காத்தாயி திரும்பி வந்து பார்த்தா. அந்த வாத்தோட வயித்தைப் பிளந்து காட்டினாளாம். உள்ளே மஞ்சள் மஞ்சளா, கேழ்வரகு கொட்டின மாதிரி முட்டைக்கரு.

“உன் பொண்டாட்டி திங்க வேண்டிய முட்டைண்ணே இது.”

வேம்புலி அருவாவைக் கீழே வச்சான்.

“கத்துச்சே, தாயி.”

“கத்தறது பெட்டை. வாத்துல ஆம்பளைக்குத் தொண்டை கட்டிக்கும். ‘கர்ர்... ஸ்ஸ்’னு சளி பிடிச்ச மாதிரிதான் வரும்.”

பக்கத்துல நின்ன இருசன் சிரிச்சான். அவன் எதையும் நம்பாத ஆளு. “ஊமையா நிக்கிறது ஆம்பளையாம், ஊரைக் கூட்டறது பொம்பளையாம். உன் வீட்டுல அப்படித்தான் போலிருக்கு, வேம்புலி. ஏய், இவ நல்லதை ஒதுக்கிட்டு நோஞ்சானை நம்ம தலையில கட்டறாடா.”

காத்தாயி சொன்னா: “நீயே ஒண்ணு பிடி, மாமா. தொண்டை கட்டினதாப் பிடி. உன் கையால அறு. உள்ளே கரு இருந்தா, மீதியை உன் இஷ்டத்துக்கு அறுத்துக்க.”

இருசன் பிடிச்சான், அறுத்தான், தேடினான். கரு இல்லை. மூச்சுக்குழல் அடியில மட்டும் சுண்டைக்காய் மாதிரி ஒரு முடிச்சு.

“இந்த முடிச்சுதான் அவன் சத்தத்தை முழுங்குது. பெட்டைக்கு இது கிடையாது.”

இருசன் போய் ரெண்டு கூடையை எடுத்துக்கிட்டு வந்தான்.

அப்புறம் அதோ அந்த மேட்டுல போய் உட்கார்ந்தா காத்தாயி. ரெண்டு பக்கமும் கூடை. ஒவ்வொண்ணாத் தூக்குவா, காதோரம் வைப்பா, கேட்பா. ‘குவாக்’குன்னா இந்தக் கூடை. ‘கர்ர்’னா அந்தக் கூடை. அவ கேட்கணுமேன்னு ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சாம். அத்தனை பசியில, அத்தனை பேர், ஒரு இருமல் இல்லை.

ஒரு குஞ்சு மட்டும் எப்படித் தூக்கியும் பேசலை. தடவிப் பார்த்தா, திருப்பிப் பார்த்தா, ம்ஹூம். இருசன் மெதுவாக் கேட்டான், “அது என்ன தாயி?”

“பேசலையே மாமா. பேசாததுக்கு நான் என்னன்னு சொல்றது. விட்டுடு.”

பெட்டைக் கூடையிலேயே விட்டா. ஆணிலயும் ரெண்டு மூணை எடுத்து வச்சா. “இதுங்க இல்லைன்னா முட்டை வரும், குஞ்சு வராது”ன்னா. மீதி ஊருக்கு. முதல் சாறு அங்கம்மாவுக்கு. மிளகு தட்டிப்போட்டுக் காத்தாயியே ஊட்டினாளாம். ரெண்டு நாள்ல பால் ஊறிச்சு.

பெட்டைங்க வளர்ந்து முட்டை வச்சுச்சு. அதை ஆத்துக்கு அக்கரையில கொடுத்து விதைநெல் வாங்கினாங்க. அறுப்பும் வந்துச்சு. காத்தாயி மந்தையை ஓட்டிக்கிட்டு மேற்கே கிளம்பினப்போ, அங்கம்மா ஊர் எல்லை வரைக்கும் நடந்தாளாம். “உனக்கு என்னடி கொடுப்பேன்”னு கேட்டாளாம். “கயிறு வீசினியே, போதாதாக்கா”ன்னு சொல்லிட்டுப் போனாளாம். வருஷா வருஷம் வந்தா. ஒரு வருஷம் வரலை. ஆனாலும் அவ அந்த மேட்டுலதான் இருக்கான்னு ஊர் நம்புது.

அந்தப் பால் குடிச்சுப் பிழைச்ச பொண்ணு வழியிலதான் நான் வரேன். நான் மட்டுமா, இங்க பாதிப் பேர் அவ வழிதான்.

அதனாலதான் அது காத்தாயி மேடு. அதனாலதான் எந்த ஊர் வாத்துக்காரன் வந்தாலும் முதல் கஞ்சி நம்ம வீட்டுல. எந்த வாத்தையும் அது பேசறதைக் கேட்காம நம்ம ஊர்ல யாரும் அறுக்கறதில்லை.

இன்னொண்ணும் இருக்கு. மத்த ஊர்ல பொண்ணு பொறந்து வீறிட்டா, ‘அடக்கு, அடக்கு’ன்னுவாங்க. நம்ம ஊர்ல பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு வந்து நிப்பாங்க. “கத்தட்டும், நல்லாக் கத்தட்டும். மேட்டுல இருக்கிறவ காதுல விழட்டும்”னு சொல்லுவாங்க.