திரும்பிப் பார்க்காத தையற்காரம்மா

தொலைபேசியில் இடியாய் முழங்கி, இந்த மேடையில் மட்டும் இளநகையோடு வீற்றிருக்கும் பந்தயக் கட்டுப்பாட்டு அறையின் தலைவி அவர்களே! வெயிலுக்கு வாடாமல், மழைக்கு ஒதுங்காமல், வளைவுக்கு வளைவு நின்று கொடி பிடித்த மூத்தோர்களே! மூன்று நாள் வீட்டுப் பக்கம் தலைகாட்டாத எங்களை வாசலில் நிறுத்தி விசாரித்து, பெரிய மனது பண்ணி உள்ளே விட்ட தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்குப் பயந்து பின்வரிசையில் பதுங்கியிருக்கும் தகப்பன்மார்களே! அனைவருக்கும் இந்தப் பல் மருத்துவனின் பணிவான வணக்கம்.

அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துவிட்டு நான் மட்டும் பேசுவது என் தொழில். இன்று நீங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சிரியுங்கள், சிரியுங்கள்! யார் யாருக்கு வேலை இருக்கிறது என்று இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

கார்ப் பந்தயம் என்றதும் கண்முன் வருவது எது? காற்றைக் கிழிக்கும் வேகமா? கோப்பையைத் தூக்கும் வீரனா? அந்த வீரன் உயிரோடு வீடு திரும்ப, வளைவு ஓரத்தில் கொடியோடு ஒருவர் நிற்கிறாரே, அவர் யாருக்காவது நினைவுக்கு வருகிறாரா? வர மாட்டார். நானே பத்து வருடமாகத் தொலைக்காட்சியில் என் முகத்தைத் தேடுகிறேன், என் தொப்பிகூடத் தெரியவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கொடி மேடையிலும் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்க வேண்டும். மஞ்சள் கொடிக்காரர், சீறி வரும் கார்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் இருக்கும் வளைவை மட்டும் பார்ப்பார். அங்கே கார் சுழன்றால் கொடியை வீசுவார், வருகிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். நீலக் கொடிக்காரர் வருகிற கார்களைப் பார்ப்பார், வேகமான கார் நெருங்கினால் முன்னால் போகிறவர் வழிவிடக் கொடி காட்டுவார். என் முதுகுக்குப் பின்னால் இருப்பது உன் கண்ணுக்கு, உன் முதுகுக்குப் பின்னால் இருப்பது என் கண்ணுக்கு. இதுதான் நம் சட்டம்.

எங்கள் மேடையில் மஞ்சள் கொடி தையற்காரம்மாவுக்கு, நீலக் கொடி அவர் கணவருக்கு, தொலைபேசி எனக்கு. அவர் கணவரை நாம் எல்லோரும் அச்சகத்தார் என்போம். ஆனால் அச்சகம் மூடிப் பல மாதம் ஆகியிருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை! தினமும் சலவைச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை, “வேலைக்குப் போயிட்டு வரேன்” என்று ஒரு வார்த்தை. போனது எங்கே? நூலகத்துக்கு! சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒருவர்தான் போட்டு உடைத்தார்: “உங்க வீட்டுக்காரர் நூலகத்துல நல்லா தூங்குறாரே, உடம்புக்கு ஏதும் முடியலையா?”

அச்சகத்தார் தலையைக் குனிகிறார். நிமிருங்கள் ஐயா, சொல்லச் சொன்னதே நீங்கள் இருவரும்தான். அன்றே அந்த அம்மா தையல் மெஷினோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். “வேலை போனதுக்கு இல்ல டாக்டர். தினம் காலைல என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாரே! இனிமே அவர் சொல்ற ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டேன்” என்றார். அந்தக் கோபத்தோடுதான் இருவரும் பந்தயத்துக்கு வந்தார்கள்.

வெள்ளியும் சனியும் பயிற்சி ஓட்டம், ஞாயிறுதான் பந்தயம். வெள்ளிக்கிழமை எனக்கு வந்த சோதனை இருக்கிறதே! “டாக்டர், பின்னாடி ரெண்டு கார் சேர்ந்து வருதுன்னு அவகிட்ட சொல்லுங்க.” “எனக்குக் காது கேக்குதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர்.” நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கார்கள் ஒரு சுற்று முடித்துவிட்டன.

சனிக்கிழமை சிரிப்பு போய்விட்டது. கணவர் கண்ணை நம்பாமல், அந்த அம்மா தானே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்படித் திரும்பிய நேரத்தில்தான் முன் வளைவில் ஒரு கார் சுழன்று நின்றது. கொடி ஒரு மூச்சு தாமதமாக எழுந்தது. அடுத்த கார், நின்ற காரை உரசாத குறையாகப் போனது. தொலைபேசி அலறியது. தலைவி அவர்களே, அன்று நீங்கள் போட்ட சத்தத்தில் என் காது இன்னும் சரியாகவில்லை! “இன்னொரு தடவை இப்படி நடந்தா மேடையை விட்டு இறங்கிடுங்க” என்றீர்கள். அன்றைய ஓட்டம் முடிந்ததும் அந்த அம்மா கொடியை மடியில் போட்டுக்கொண்டு அழுதார்.

ஞாயிறு காலை நான் கேட்டேன். “அம்மா, இன்னிக்கு உங்களை மைதான வாசல் காவலுக்கு மாத்திடவா?”

“பொய் சொன்னது அவரு. நான் ஏன் போகணும்?”

“சரி, அவரை மாத்தவா?”

“வேண்டாம். அவர் மாதிரி பார்க்க இங்க ஆள் இல்ல. கண்ணை நம்புறேன் டாக்டர், வாயைத்தான் நம்ப முடியல. நீங்க வாய் டாக்டர்தானே, பார்த்துச் சொல்லுங்களேன்!”

வாயைப் பார்த்துச் சொத்தையைக் கண்டுபிடிப்பேன், பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பேன்?

பந்தயம் தொடங்கியது. மேடை நடுங்கியது. முதுகுக்குப் பின்னால் இடி இடியாய்க் கார்கள் வர, அந்த அம்மா திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, திரும்பவில்லை. உதட்டைக் கடித்தார், திரும்பவில்லை!

பாதிப் பந்தயத்தில் முன் வளைவில் ஒரு கார் மண்ணில் புதைந்தது. அதைத் தள்ள நம் ஆட்கள் நால்வர் இறங்கினார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே காவல், இந்த அம்மா வீசிய மஞ்சள் கொடி. அந்த நேரம் பார்த்துப் பின்னால் இரண்டு கார்கள் மோதின. ஒரு சக்கரம் கழன்று, வேலியைத் தாண்டி, துள்ளித் துள்ளி எங்கள் மேடையை நோக்கி வந்தது.

“உட்காரு!”

மூன்று நாளில் அச்சகத்தார் தன் மனைவியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அந்த அம்மா ஏன் என்று கேட்டாரா? எங்கே என்று பார்த்தாரா? மெய்யா பொய்யா என்று யோசித்தாரா? உட்கார்ந்தார்! நாங்கள் இருவரும் குனிந்தோம். அந்த அம்மாவின் தலை இருந்த இடத்தைச் சக்கரம் கடந்து, எங்களுக்குப் பின்னால் இருந்த பலகையைத் தூள் தூளாக்கியது. உட்கார்ந்த நிலையிலும் கையை உயர்த்தி அந்த அம்மா கொடியை வீசிக்கொண்டே இருந்தார். வளைவில் நால்வருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பந்தயம் முடிந்தும் நெடுநேரம் மூவரும் மேடையிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாதான் கேட்டார், “நாளைக்குக் காலைல எங்க போவீங்க?”

“நூலகத்துக்குத்தான். வேலை இன்னும் கிடைக்கல.”

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?”

“பயமா இருந்துச்சு.”

“அம்மாம் பெரிய சக்கரத்தைப் பார்த்து வராத பயம், என்னைப் பார்த்தா வந்துச்சு?”

தாய்மார்கள் கைதட்டுகிறார்கள். தட்டுங்கள்! பிறகு அந்த அம்மா எழுந்து சொன்னார்: “அக்கா வீட்டுல என் தையல் மெஷின் இருக்கு. தனியா தூக்க முடியாது. வர்றீங்களா?” நான் தொலைபேசியைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெரியோர்களே! உயிரைக் காத்த அந்த ஒரு சொல்லுக்காக அச்சகத்தாருக்குப் பதக்கம் தர நம் கொடிக்காரர் சங்கம் முடிவு செய்தது. அவர் என் மருத்துவமனைக்கே வந்து மறுத்தார். “டாக்டர், நான் கண்ணால பார்த்ததைச் சொன்னேன். அதுல என்ன இருக்கு? அவ பார்க்காததை நம்பினா. அதுவும் யார் சொல்லை? என் சொல்லை!” என்று சொல்லிவிட்டு, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து விம்மினார்.

உண்மை பேசு என்று ஊரெல்லாம் சொல்கிறோம். பேசிய உண்மை எங்கே போய் உட்காரும், நம்புவதற்கு ஒரு நெஞ்சு இல்லாவிட்டால்? ஒருமுறை உடைந்த நம்பிக்கையை மறுபடி எடுத்துக் கொடுக்க எத்தனை துணிவு வேண்டும்! சக்கரத்தின் எதிரே நிற்கும் துணிவைவிட அது பெரிது என்கிறேன். இல்லை என்பவர் எழுந்து சொல்லுங்கள். யாரும் எழவில்லை. ஆகவே பதக்கம் தையற்காரம்மாவுக்கே!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கும், நேரம் முடிந்தும் மணியடிக்காத தலைவி அவர்களுக்கும் என் நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம். அம்மா, மேடைக்கு வாருங்கள். படி செங்குத்தாக இருக்கிறது, ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் ஏறுங்கள். பின்னால் அவர் வருகிறார்.