கயானோ சியே கொடுக்காத சம்மதம்

மேடையில் அமர்ந்திருக்கும் தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்புக் குழுத் தலைவர் குரத்தா அவர்களே, பதிப்பகத்து மூத்தவர்களே, படத்துக்கு வெள்ளைச் சாமந்தி வைத்துவிட்டு வந்து நிற்கும் வாசகர்களே, நாம் எல்லாரும் சென்செய், ஆசான் என்று அழைத்த எழுத்தாளர் கயானோ சியே அவர்களின் தங்கையாரே, வணக்கம். பத்தொன்பது ஆண்டுகள் அவருடைய பதிப்பாசிரியராக இருந்த ஹிராத்சுகா பேசுகிறேன். நான் அழ வரவில்லை. எனக்குக் கோபம்.

சென்செய் எழுதிய 'உப்புக் கப்பல்' எதைப் பற்றிய கதை? மூவாயிரம் பேர் உறங்கியபடியே வேறொரு சூரியனுக்குப் போகிறார்கள். இயந்திரம் பழுதாகிறது. அதைக் கவனிக்க ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். இபுகி என்ற மெக்கானிக் பெண் விழித்திருக்கிறாள். தனியாக நரைக்கிறாள். இன்னும் அச்சாகாத பத்தாவது புத்தகத்தில் தனியாகச் சாகிறாள். அதை எழுதி முடித்துவிட்டுத்தான் சென்செய் மருத்துவமனைக்கே போனார்.

முதல் ஒன்பது புத்தகங்களும் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடராக வந்தபோது நாடே இபுகியைக் கொண்டாடியது. சாவிக்கொத்தில் இபுகி, ரொட்டி உறையில் இபுகி. முடிவு நெருங்கியதும், குரத்தா அவர்களே, நீங்கள் என்ன கேட்டீர்கள்? "கிழவி பொம்மைய எவன் வாங்குவான்? ஏதாவது மருந்தக் குடுத்து மறுபடி பதினேழு வயசாக்கிடுங்க" என்றீர்கள்.

சென்செய் சிரித்துக்கொண்டே உங்களுக்குத் தேநீர் ஊற்றினார். "அப்படி ஒரு மருந்து கிடைச்சா முதல்ல நீங்க குடிங்க, குரத்தா சான். இபுகிக்கு வேண்டாம்" என்றார். நீங்கள் போனதும் என்னிடம் சொன்னார்: "அவ சாகலேன்னா, இத்தனை வருஷம் அவ முழிச்சிருந்ததுக்கு அர்த்தமே இல்ல. இதுல மட்டும் விட்டுக்குடுத்துடாதீங்க."

நான் விட்டுக்கொடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். கதைவசனத்தில் எழுத்தாளரின் சம்மத முத்திரை விழாமல் ஓவியர்கள் பென்சிலைத் தொடமாட்டார்கள். வாராவாரம் யார் அலைவது? எழுத்தாளர்கள் முத்திரையை எங்கள் மேசை இழுப்பறையிலேயே விட்டுவைப்பார்கள். சென்செயும் நம்பி விட்டுவைத்தார். அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த வாரத்தில், இபுகி பிழைப்பதாக உங்கள் ஆட்கள் மாற்றி எழுதிய கடைசிப் பகுதி என் மேசைக்கு வந்தது. தொலைபேசியில் நீங்கள்: "ஓவியர்கள்லாம் சும்மா உக்காந்திருக்காங்கய்யா. நீங்களே குத்துங்க, சென்செய்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்." குத்தினேன். நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

சற்று முன் இதே இடத்தில், அவர் படத்துக்கு முன்னால் நின்று என்ன சொன்னீர்கள்? "சென்செயின் கடைசி விருப்பப்படி இபுகி பிழைக்கிறாள், வரும் ஞாயிறு காணுங்கள்." யாருடைய விருப்பம்? எந்த வாயால் சொன்னார்? இரங்கல் கூட்டத்திலுமா விளம்பரம்? வெட்கமில்லையா உங்களுக்கு? எனக்கு மட்டும் இருந்ததா?

எல்லாரும் கேளுங்கள். கயானோ சியே சம்மதிக்கவில்லை. அந்த முத்திரையைக் குத்தியது என் கை. இந்தத் தாளில் அதை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தங்கையார் அவர்களே, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கதையின் உரிமை இனி உங்களுடையது, ஒளிபரப்பை நிறுத்தச் சொல்ல உங்களால் முடியும். என் வேலை போகும், போகட்டும். பத்தாம் புத்தகம் ஓர் எழுத்து மாறாமல் வெளிவரும். எவரும் போடாவிட்டால் நானே அச்சடித்து ரயில் நிலைய வாசலில் நின்று விற்பேன்.

சென்செய், உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இபுகியைச் சாக விடுவேன்.