பெரிய வீட்டுக்குப் போகாதவன்

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். புது நாற்காலி கேட்டு எழுதிப் போட்டு எவ்வளவோ காலமாயிற்று, பெரிய வீட்டிலிருந்து பதிலே இல்லை. தேசிய விமான நிறுவனத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர்களுக்குச் சொந்தமான இந்தக் குட்டி நிறுவனம் சின்ன வீடு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நடத்துகிற விதமும் அப்படித்தானே இருக்கிறது? அவர்களுக்கு ஆகாத பழைய விமானம், ஆகாத ஊர், ஆகாத மேசை எல்லாம் இங்கே வரும். இங்கே தேறிய பிள்ளைகள் அங்கே போவார்கள்.

நான் பணி அட்டவணை போடுகிறவள். எந்த விமானி எந்த நாள் பறப்பது என்பது என் கையில். வருகிற பையன்கள் எல்லோருக்கும் நான் அக்கா. சாப்பிட்டாயா என்று கேட்பது, காதலி கோபித்துக்கொண்டால் விடுமுறையை மாற்றித் தருவது, முதல் தடவை தனியாக ஓட்டிவிட்டு வருகிறவனுக்காக வாசலில் காத்து நிற்பது எல்லாம் என் வேலை. பிறகு பெரிய வீட்டிலிருந்து தேர்வுக்கு அழைப்பு வரும். "உங்களை மறப்பேனாக்கா? போய் இறங்கினதும் போன் பண்றேன்" என்பார்கள். ஒருத்தனும் பண்ணியதில்லை. அதில் ஒருவனைத் தலைநகர் விமான நிலையத்தில் பார்த்துக் கையாட்டினேன். "சொல்லுங்க மேடம், எந்த கேட்?" என்றான்.

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கவனமாக இருக்க ஆரம்பித்தேன். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருவனுக்கு மாலை வேலையையும் மறுநாள் விடியல் வேலையையும் மாற்றி மாற்றிப் போட்டால் போதும். நடுவில் சட்டம் சொல்கிற ஓய்வு இருக்கும், உடம்பு கேட்கிற தூக்கம்தான் இருக்காது. தேர்வில் கை தடுமாறிவிடும். அப்படித் தோற்றுத் திரும்பிய ஒரு பையன் இதே மேசையில் தலை வைத்து அழுதான். டீ போட்டுக் கொடுத்தேன். "நீங்க மட்டும் இல்லன்னா என்ன ஆயிருப்பேனோக்கா" என்றான். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை சார்.

பொடிசு கடைசியாக வந்தவன். உயரம் குறைவு, இருக்கையில் ஒரு தலையணை போட்டுக்கொண்டுதான் ஓட்டுவான். அப்படி வந்த பெயர். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அவனுக்கும் அம்மா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. தரையிறங்கியதும் கம்பெனி ரேடியோவில் கூப்பிடுவான்: "அக்கா, வந்துட்டேன்." விதிப்படி அப்படிப் பேசக்கூடாது. நான் கண்டித்ததில்லை. அந்தக் குரலுக்காகத்தான் நான் வேலைக்கே வந்துகொண்டிருந்தேன்.

அவனுக்கும் அழைப்பு வந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினான். "பாஸ் பண்ணிட்டா அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவேன்க்கா. அங்கயே வீடு."

"போடா, நல்லா இரு" என்றேன். அன்று மாலையே அட்டவணையை மாற்றினேன்.

அந்த வாரம் முழுக்க அவன் சலிக்காமல் வந்தான். "என்னக்கா, மாடு மாதிரி வேலை வாங்குறீங்க?"

"ஆள் இல்லடா கண்ணா. அக்காவுக்காக இந்த ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ."

"சரி சரி, உங்களுக்காகத்தான்."

எங்கள் விமானத்தில் பயணிகள் ஒன்பது பேர், ஓட்டுகிறவர் ஒருவர். பக்கத்தில் தட்டி எழுப்ப யாரும் கிடையாது. அந்த வாரத்தின் கடைசி நாள். பட்டப்பகல், மழை இல்லை, மேகம் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் விமானம் சீராக இறங்கிக்கொண்டே போய் மலைச்சரிவில் மோதியது. ஒருவரும் மிஞ்சவில்லை.

விமானியின் கவனக்குறைவு என்று உங்கள் விசாரணை அறிக்கை வந்தது. இங்கே கூடத்தில் மாலையோடு இருந்த அவன் படத்தைக் கழற்றிவிட்டார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் உங்களை வரச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் மாலை விமானம் வரவேண்டிய நேரத்தில் ரேடியோ கரகரக்கிறது. "அக்கா, வந்துட்டேன்." பக்கத்து மேசைப் பெண்ணுக்குக் கேட்கவில்லையாம், என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ரேடியோவைக் கழற்றி எடுத்துப் போகச் சொன்னேன். எடுத்துப் போனார்கள். அப்புறமும் கேட்கிறது. முதலில் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவேன். இப்போது அந்த நேரத்துக்குள் மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் காத்திருக்கிறேன். குரலில் அசதியே இல்லை சார்.

அறிக்கையை நீங்கள் திருத்த வேண்டும். அவன் கவனக்குறைவானவன் இல்லை. அன்று காலையில் இதோ இந்த வாசலில் நின்று சொன்னான். "முடியலக்கா. கண்ணு தானா சொருகுது. மீசை அண்ணனைப் போடுங்களேன்."

மீசை என்பவர் எங்கள் மாற்று விமானி. சீருடை போட்டுக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "மீசைக்குக் காய்ச்சல்டா" என்றேன். பொடிசு முகத்தைக் கழுவிக்கொண்டு விமானத்துக்கு நடந்தான். நான் அடுத்த அறைக்குப் போய், "இன்னைக்கு உங்களுக்கு வேலை இல்ல, கிளம்புங்க" என்று மீசையை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் தேர்வு. ஒரு பகல் படுத்துத் தூங்கியிருந்தால் தேறியிருப்பான். அவன் கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன், பயணிகள் ஏறுவதையும் பார்த்தேன். தெரிந்துதான் அனுப்பினேன்.

கிளம்பலாம் சார். ஒரே ஒரு உதவி. அவன் அம்மாவை நான் என் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்திருக்கிறேன். தனியாக எப்படி இருப்பார்? என்னைக் கூட்டிப் போவதற்கு அவரிடம் நீங்கள் எந்தக் காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், உண்மையைக்கூடச் சொல்லுங்கள். விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கொடுமையை நான் யாருக்கும் செய்ததில்லை.