ஆள் இருக்கிற வீடு

இஞ்சாலை வாங்கோ சேர், இந்தச் சமையல் குசினிப் பக்கமா நிண்டு கதைப்பம். வாசல்லை இருக்கிற கமெரா படம் மட்டும் பிடிக்கிறேல்லை, கதையும் கேக்கும். வீட்டுக்குள்ளை ஆர் படுக்கிறது எண்டு நீங்கள் கேட்டதுக்கு அதுக்கு முன்னாலை நிண்டு மறுமொழி சொல்லேலாது. சேர் எண்டு வேண்டாமோ? சரி, அண்ணா எண்டே சொல்லுறன். இன்சூரன்ஸ் போமைத் தாங்கோ. கையெழுத்துத்தானே, வைப்பன். வாசிச்சுப்போட்டு வைப்பன். ஓம், இங்கிலீசு வாசிப்பன். கொன்வென்ற் போடிங்கிலை ஒம்பது வருசம் தங்கிப் படிச்சனான். வீட்டுக்கார யோகலிங்கம் அண்ணைக்கு அது தெரியாது. முற்றம் கூட்டுறவளுக்கு என்ன தெரியப்போகுது எண்ட நினைப்பு. இன்சூரன்ஸ் கொம்பனியிலை இருந்து ஒருத்தர் வருவார், அவர் நீட்டுற இடத்திலை பேரை எழுதிவிடு பிள்ளை எண்டு லண்டனிலை இருந்து சொல்லுறார்.

வீட்டைச் சுத்திப் படம் எடுத்தியள்தானே. வருசத்திலை மூண்டு கிழமை வந்து நிக்கிறதுக்கு ஆறு அறை. ஆறுக்கும் ஏசி. அக்கராயன் குளம் அந்தா கிட்டத் தளும்பிக்கொண்டு கிடக்கு, இவருக்கு வளவுக்குள்ளையும் ஒரு சுவிமிங் பூல் வேணும். போன முறை வந்து ரெண்டுதரம் இறங்கினவை. மிச்ச நாள் முழுக்கத் தவளையள் நீந்துது. சோபாவுக்குச் சுத்தி வந்த பொலித்தீன் இன்னும் கழட்டேல்லை. இராசேஸ்வரி அக்கா, அவரின்ரை மனிசி, அதுக்கு மேலைதான் இருக்கிறவா. எழும்பேக்கை அது அவாவோடை ஒட்டிக்கொண்டு எழும்பும்.

முன்கதவுக்குத் திறப்போ? திறப்பு எங்கை, என்னட்டைச் சாவியே இல்லை. அவர் அங்கை போனிலை அமத்தினால்தான் இஞ்சை கதவு திறக்கும். ஒவ்வொரு செவ்வாயும் நான் விளக்குமாத்தோடை வாசல்லை நிண்டு மிஸ்கோல் அடிக்கவேணும். அவர் எழும்பி, தேத்தண்ணி குடிச்சு, மனம் வந்தால் திறப்பார். ஒரு மணித்தியாலம். கூட்டித் துடைச்சு, பைப்புகளைத் திறந்து மூடிப்போட்டு வெளியிலை வந்திட வேணும். பிள்ளையை உள்ளுக்கை விடக்கூடாது. வெள்ளைச் சுவராம்.

நீங்கள் படம் எடுத்துக்கொண்டு வரேக்கை அங்காலை அது கோழிக்கூடோ எண்டு கேட்டியள். பரவாயில்லை, வாற எல்லாரும் கேக்கிறதுதான். அது எங்கடை வீடு. நானும் மனிசனும் பிள்ளையும். மனிசன் மாங்குளத்திலை மேசன் வேலை, கிழமைக்கு ஒருக்கால் வருவார். பிள்ளைக்கு வாற தைக்கு மூண்டு வயசு. உங்கடை போமிலை எங்கடை கொட்டில் இல்லை. நான் தேடிப் பாத்திட்டன். பூல் மோட்டர் இருக்கு. கேற்றிலை இருக்கிற சீமெந்துச் சிங்கம் ரெண்டும் இருக்கு. சிங்கத்துக்கு ஏதும் நடந்தால் காசு குடுப்பியளாம், நல்லது.

முந்தின கொம்பனியை ஏன் விட்டவர் எண்டு உங்களுக்கு என்ன சொன்னவர்? சேவை சரியில்லையாமோ. பெரிய இடத்துக் கதை. நான் சொல்லுறன், கேளுங்கோ. போன கார்த்திகை வெள்ளத்திலை இந்தக் குசினி யன்னல் கண்ணாடி உடைஞ்சது. உடைஞ்சு கிடக்கு எண்டு நான்தான் சொன்னனான். ஆர் உடைச்சது எண்டு அவர் கேக்கேல்லை. கள்ளன் எண்டு அவரே முடிவெடுத்து, அவரே எழுதி, காசு கேட்டவர். கொம்பனி என்ன சொன்னது தெரியுமோ, முப்பது நாளுக்கு மேலை ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டிலை கள்ளன் பூந்தால் தாங்கள் பொறுப்பில்லை எண்டு. இவருக்கு ரோசம் வந்திட்டுது. உடனை அவையை விட்டிட்டு உங்களிட்டை ஓடி வந்தவர். உங்கடை போமிலையும் ஆள் இருக்கிற வீடோ எண்ட அந்தக் கேள்வி பத்தாவதாக் கிடக்கு. அதை முந்தநாள்தான் கண்டிருக்கிறார் யோகலிங்கம் அண்ணை.

உடனை போன். நாலு வருசத்திலை என்னோடை பத்து நிமிசம் கதைச்சது அண்டைக்குத்தான். சுரேகா, நீயும் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் உள்ளுக்கை படுக்கிறனீங்கள் எண்டு அவையளுக்குச் சொல்லவேணும் எண்டார். அப்ப கதவு எப்பிடித் திறக்கிறது அண்ணை எண்டு கேட்டன். என்ன சொன்னவர் தெரியுமோ? நான் சொல்லத்தானே சொன்னனான், படுக்கச் சொன்னனானே?

சிரிக்காதேங்கோ அண்ணா. எனக்குப் பயம். சொல்லாட்டில் வேறை ஆள் பாக்கிறன் எண்டிட்டார். கொட்டிலை விட்டு எழும்பு எண்டால் பிள்ளையோடை எங்கை போறது? ஆனால் இதிலை, உந்தக் கடைசி வரியிலை, மேலை சொன்னதெல்லாம் உண்மை எண்டு எழுதியிருக்கு. பொய்க்குக் கீழை நான் பேர் எழுதமாட்டன். சிஸ்டர்மார் அடிச்சுச் சொல்லித்தந்தது, இப்பவும் கை கூசும்.

பொறுங்கோ, முடிச்சிடுறன். அந்த வெள்ளம் வந்த அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணி. குளம் நிரம்பி வான் பாஞ்சு, கொட்டிலுக்குள்ளை முழங்கால் தண்ணி. றோட்டு மூடி மனிசன் மாங்குளத்திலையே நிண்டிட்டார். பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, உடம்பு நெருப்பாக் கொதிக்குது. தூக்கிக்கொண்டு இவரின்ரை வாசல்லை ஏறி நிண்டு கோல் எடுத்தன். அங்கை விடிஞ்சிட்டுது, ஆள் முழிப்புத்தான். பூல் நிரம்பிட்டுதோ எண்டு கேட்டார். கதவைத் திறவுங்கோ அண்ணை, பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு எண்டன். திறந்தால் தண்ணி உள்ளுக்கை வந்திடும் பிள்ளை, மாபிள் கறைப்படும் எண்டார். நாலு படி உயரத்திலை வீடு. தண்ணி ரெண்டாம் படியிலை நிக்குது. அது ஏறி வந்து கதவைத் தட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கை வருமாக்கும். அதுக்குள்ளை லைன் அறுந்திட்டுது.

கொட்டிலுக்குள்ளை மிதக்காமல் கிடந்தது அம்மிக்குழவி ஒண்டுதான். அதைத் தூக்கினன்.

ஓம். உந்த யன்னல்தான். கள்ளன் எடுத்தது தலை துவட்டுற ஒரு துவாயும் ஒரு பால்மாப் பெட்டியும். துவாய் தோச்சு மடிச்சு வைச்சாச்சு. பால்மாதான் திருப்பிக் குடுக்கேலாது, பிள்ளை குடிச்சிட்டாள்.

பிறகு குகதாசன் எண்டு ஒரு பெடியன் வந்து புதுக் கண்ணாடி போட்டவன். உள்ளுக்குப் போடுற கொழுக்கியை மட்டும் நான் வேண்டாம் எண்டிட்டன். தள்ளிப் பாருங்கோ. பாத்தியளோ. குசினியிலை என்னத்தைக் களவெடுக்கிறது எண்டு அவர் இஞ்சை கமெரா பூட்டேல்லை. அண்டையிலை இருந்து ஒரு நாளும் பிள்ளை கொட்டில்லை படுக்கேல்லை. பிரிஜ்ஜுக்குப் பக்கத்திலை பாய். விடிய முதல் சுருட்டிக்கொண்டு வந்திடுவம்.

அவர் சொல்லச் சொன்ன பொய் கிடக்கெல்லோ, அது பொய் இல்லை அண்ணா. அவருக்குத்தான் தெரியாது. தான் சொல்லித்தந்ததைச் சொல்லுறாள் எண்டு சந்தோசப்படுவார், படட்டும். பத்தாம் கேள்விக்கு ஓம் எண்டு போடுங்கோ. படுக்கிற இடம் முன் ஹோல் எண்டு எழுதாதேங்கோ, குசினி எண்டு எழுதுங்கோ. அதோடை, படுக்கிற ஆளிட்டை ஒரு திறப்பு இருக்கவேணும் எண்டு உங்கடை கொம்பனி கேக்கிறமாதிரி ஒரு வரி சேருங்கோ. சீமெந்துச் சிங்கத்துக்கு ஒரு வரி எழுதினனீங்கள்தானே.

யன்னலாலை ஏறி இறங்க அவளுக்குப் பழகிப்போச்சு. எனக்குத்தான் முழங்கால் நோகுது.

பேனையைத் தாங்கோ. எங்கை, இதிலையோ?