பழனிக்கு இரண்டு மொட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தள்ளுவண்டியில் தொடங்கி அரிசி ஆலை வைத்தேன், கல்யாண மண்டபம் கட்டினேன். எவன் தடுத்தும் நின்றதில்லை. சமயநல்லூரில் பழனி பேருந்துக்கு நிற்கிறவர்களுக்காக நிழற்குடையும் என் கைக்காசில் கட்டினேன். இரண்டு பெஞ்சு கேட்டார்கள். ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று அந்தப் பெஞ்சில் எங்கள் ஊர்க்கார மாமனும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிவி விவாதத்தில் கத்துகிற ஒரு நெறியாளரால் ஒரு வருடமாகப் பேச்சு நின்றவர்கள். மாமனுக்கு அவர் தெய்வம், மாப்பிள்ளைக்கு விஷம். அந்த நெறியாளருக்குப் புற்றுநோய் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று காலையில்தான் செய்தி வந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

“எங்க மாப்ள, தாடியும் கீடியுமா?”

“பழனிக்கு. அந்தாளு பொழச்சா மொட்ட போடுறதா வேண்டியிருந்தேன் மாமா.”

“நீயா? அவரு மூஞ்சியப் பாத்து டிவி மேல செருப்ப எறிஞ்சவன்ல நீ!”

“அந்தாளு இல்லைன்னா நான் யார வைவேன்? வீட்ல வஞ்சா சோறு கிடைக்காது.”

மாமன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நானும் மொட்டைக்குத்தான் போறேன். ஆனா அவரு பொழச்சது என் வேண்டுதலாலதான்.”

“நீங்க அவரு ஆளு. நீங்க கேக்கத்தான் செய்வீக. எதிரியே வந்து கேக்குறானேன்னுதான் முருகன் மனசு எறங்கியிருப்பாரு.”

“சரி வா, மலை மேல போயி முருகன்ட்டயே கேப்போம்.”

பேருந்தில் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். முருகன் யார் வேண்டுதலைக் கேட்டாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டாவது பெஞ்சு போடாமல் விட்டவன் நான். அதை யாரும் மறக்கக் கூடாது.