பெண் உறுப்பினர் ஒருவர்

– போன திங்கக்கிழமை, மூணாவது மாடி கூட்ட அறையில, பழைய இலக்கியப் பேராசிரியர் பதவிக்குத் தேர்வுக் குழு போட்டாங்க. என்னையும் சேர்த்து அஞ்சு பேர். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

– துறைத் தலைவர் மாதிரி பேசாதே. கூடப் படிச்சவன் மாதிரி பேசு. என் விண்ணப்பம் ஏன் திரும்பி வந்துச்சு?

– முதல்ல உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், ஏசி தண்ணி சொட்டும்.

– சொட்டட்டும். மேல சொல்லு.

– குழுவுல உன் பேரு இருக்கு. குழுவுல இருக்கறவங்க விண்ணப்பிக்க முடியாது. என் கையில என்னம்மா இருக்கு?

– என்னைக் கேட்காம எதுக்குப் போட்டீங்க?

– ஒவ்வொரு தேர்வுக் குழுவுலயும் ஒரு பெண் உறுப்பினர் இருந்தே ஆகணும். இணைப் பேராசிரியருக்குக் கீழ இருக்கக் கூடாது. இந்தத் துறையில அப்படி இருக்கறது நீ ஒருத்திதான்.

– தகுதி உள்ள பொண்ணு நான் ஒருத்திதான். அதனாலயே எனக்குத் தகுதி இல்ல. அப்படித்தானே?

– நீ சொல்றப்ப கேக்கவே அசிங்கமா இருக்கு.

– பக்கத்துப் பல்கலைக்கழகத்துலேர்ந்து யாரையாவது கூப்பிடு.

– அங்க ஏது பொண்ணு? அங்க தேர்வு நடந்தப்போ பெண் உறுப்பினரா போனது யாரு?

– நான்தான். கார் அனுப்பினாங்க. நடுவுல உட்கார வெச்சு போட்டோ எடுத்தாங்க. அங்கயும் ஒரு ஆம்பளையைத்தான் தேர்ந்தெடுத்துட்டு வந்தேன். வந்திருந்த ஒரே பொண்ணு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா, என்ன பண்றது?

– உனக்கு ஏன் இந்தப் பதவி மேல இவ்வளவு ஆசை? வேலை ரெண்டு மடங்காகும், அவ்வளவுதான்.

– பாடத்திட்டத்தை முடிவு பண்றது அந்த நாற்காலி. பழைய பெண் கவிஞர்கள் மொத்தப் பேரையும் ஒரே அலகுல அடைச்சு, நேரம் இருந்தா நடத்தலாம்னு போட்டு வெச்சிருக்கீங்க. என்னிக்கு நேரம் இருந்திருக்கு? கருத்தரங்குல என் அமர்வு எப்பவும் கடைசி நாள், சாப்பாட்டுக்கு அப்புறம். பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பியிருப்பான், மீதிப் பேர் தூங்குவான்.

– நான் தூங்கினதில்ல.

– நீ குறட்டையே விட்ட. சரி, வர்றது யாரு?

– மூணு பேர். ரெண்டு பேர் சும்மா ஒப்புக்கு. இன்னொருத்தர் நம்ம தாடி.

– பொண்ணுங்க பேருல இருக்கற பாட்டெல்லாம் ஆம்பளைங்க எழுதினதுன்னு உன்கூடச் சேர்ந்து கட்டுரை போட்டானே, அந்தத் தாடியா?

– கட்டுரை வேற, இது வேற.

– நான் குழுவிலேர்ந்து விலகிட்டா?

– குழு கூட முடியாது. இந்த வருஷத்துக்குள்ள நிரப்பலைன்னா பதவி வணிகவியல் துறைக்குப் போயிடும். பாடத்தை நடத்தவே ஆள் இருக்காது. உன் கவிஞர்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

– நம்ம துறை உதவிப் பேராசிரியர், அந்தச் சின்னவளோட பதவி உயர்வு என்ன ஆச்சு? அவ இணைப் பேராசிரியர் ஆயிட்டா என் இடத்துல அவளைப் போடலாமே.

– அது மேலிடத்துலேர்ந்து வரணும். எத்தனை தடவை கேக்கறது? என் கையில என்னம்மா இருக்கு?

– இதையே எத்தனை தடவை சொல்லுவ?

– என்னை முறைச்சு என்ன பிரயோஜனம்? இந்த விதியைக் கொண்டு வந்தவங்களைத் திட்டு.

– திட்டிட்டுத்தான் வரேன், காலையில கண்ணாடி முன்னாடி நின்னு. எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் இதுக்காக. நீயும் கூட வந்த.

– வந்தேன். நல்ல விதிதானே?

– நல்ல விதிதான். இன்னும் நாலு பொண்ணுங்க இருந்திருந்தா.

\*

– மேடம், உள்ள வரலாமா?

– வாடி சின்னவளே. அந்தப் புத்தகத்தையெல்லாம் தள்ளி வெச்சுட்டு உட்காரு.

– தேர்வு முடிஞ்சிடுச்சாமே. தாடி சாருக்குத்தானாம்?

– அவருக்குத்தான்.

– நீங்க எதுவும் சொல்லலையா மேடம்?

– அவர் கட்டுரையைப் பத்தி ரெண்டு கேள்வி கேட்டேன். ரொம்ப மரியாதையா பதில் சொன்னார். மத்த ரெண்டு பேருக்கும் பாட்டை ஒழுங்காப் பிரிச்சுப் படிக்கவே வரலை. வேற யாருக்குன்னு போடறது?

– அப்போ ஒருமனதாவா?

– ஒருமனதா. பெண் உறுப்பினர் முதல்ல கையெழுத்துப் போடறது மரியாதையாம். பேனா மூடியைத் தலைவரே கழட்டிக் கொடுத்தார்.

– இந்த நேரத்துல இதைச் சொல்லலாமான்னு தெரியலை.

– சொல்லு.

– என் பதவி உயர்வு ஆணை கைக்கு வந்துடுச்சு மேடம். இணைப் பேராசிரியர்.

– அடி, நல்ல சேதி. எப்ப வந்துச்சு?

– இன்னிக்கு மத்தியானம் தலைவர் சார் கூப்பிட்டுக் கொடுத்தார்.

– மேலிடம் ஒரு வாரம் முன்னாடி கண்ணைத் திறந்திருக்கக் கூடாதா? என்ன நேரம்டி இது.

– மேலிடத்துலேர்ந்து போன மாசமே வந்துடுச்சாம் மேடம். தேர்வு முடியட்டும்னு தலைவர் சார் டிராயர்ல வெச்சிருந்தாராம்.