மெனிபோல்ட் விசாரணை

அய்யய்யோ, அங்க உக்காராதீங்க மிஸ், சாரியெல்லாம் கிரீஸாப் போயிரும். இந்தா இந்த பெஞ்சுல உக்காருங்க, பேப்பர் விரிச்சிருக்கேன். நம்ம சங்கத்துப் பேப்பர்தான். தலைவர் படம் இருக்கிற பக்கத்தக் கீழ திருப்பிப் போட்டுட்டேன், பயப்படாதீங்க.

போன்ல பதிவு பண்ணப் போறீங்களா? நல்லாப் பண்ணுங்க. முந்தி நான் பேசுனா பொலிஸு வந்து எழுதிக்கிட்டுப் போகும். இப்ப நாப்பத்தொரு வருசமா நான் கொடி புடிச்ச சங்கமே ஆள் அனுப்பி எழுதுது. வளர்ச்சிதானே இது!

பேரு ரெங்கசாமி. தோட்டத்து ஃபெக்டரியில ஃபிட்டரா இருந்தேன். வேலநிறுத்தத்துல மொதல்ல கையத் தூக்குனவன் நான், அதனால மொதல்ல வீட்டுக்குப் போனவனும் நான். அதுக்கப்புறந்தான் இந்த பெரகல ரோட்டோரம் தகரத்தப் போட்டு கராஜ் தொறந்தேன். படிப்பா? அஞ்சாம் வகுப்பு. மிச்சமெல்லாம் துண்டுப்பிரசுரம். சிரிக்காதீங்க மிஸ், நீங்க லோ கொலேஜ்ல சட்டம்னு படிச்சத நான் ரெண்டு பக்கத்துல படிச்சிருக்கேன்.

சரி சரி, ஜீப்பு விசயத்துக்கு வாரேன்.

போன மாசம் தலைவர் மகன் நிஷாந்த் தம்பி ஜீப்ப இங்க கொண்டாந்து நிப்பாட்டுச்சு. கையில ஒரு பொட்டி. கொழும்பு பஞ்சிகாவத்தையில வாங்குன புது மெனிபோல்ட். கம்பனி சாமான் இல்ல, வெளிச் சாமான். மெனிபோல்ட்னா தெரியுங்களா? இந்தா, சாட்சிக்குன்னு கழட்டிக் கொண்டாந்திருக்கீங்களே, இதுதான். நாலு வெரலு மாதிரி நாலு கொழா. காத்தும் பெட்ரோலும் கலந்து இது வழியாத்தான் எஞ்சினுக்குள்ள போவும். எஞ்சினோட மூக்குன்னு வச்சுக்கங்களேன். தம்பி சொல்லுச்சு, மாமா, இத உள்ளுக்குள்ள கொடஞ்சு பெருசாக்கி மாட்டுங்க, வண்டி பறக்கணும், அப்பா வார சனிக்கிழம ஒங்க தோட்டத்துக்கு இதுலதான் வாறாருன்னு.

தலைவர் எதுக்கு வந்தாருன்னு எழுதிக்கிட்டீங்களா? எழுதல? மக்கள் சந்திப்புன்னா எழுதியிருக்கீங்க? சரிதான். கேளுங்க. கீழ் டிவிசன் லயத்துக்கு, நம்ம சனம் வரிசையாக் குடியிருக்கிற வீடுகளுக்கு, மேல மல வெடிச்சிருக்கு. மீரியபெத்தையில மண்ணு எறங்கி லயத்தையே மூடுனதுக்குப் பெறகு ஆபீசருங்க வந்து பாத்து, இங்க ஆள் இருக்கக் கூடாதுன்னு செவப்பு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க. அறுவத்திரெண்டு குடும்பம். தோட்டத்துல மண்ணு எறங்காத சமதர ஒண்ணே ஒண்ணுதான், பழைய பிளேகிரவுண்டு. அதுல வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் நெலம் தாரோம்னு எத்தன எலெக்சன்ல சொன்னாங்க! அந்த எடத்த ஹோட்டல் கட்டக் குடுக்க சங்கத்துக்கு ஆட்சேபன இல்லன்னு கையெழுத்து வைக்கத்தான் தலைவர் வந்தாரு. மேல பங்களாவுல ஹோட்டல் கம்பனிக்காரவங்க பத்து மணிக்குக் காத்துக்கிட்டிருந்தாங்க. இது காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல நிக்கிற நாய்க்குக்கூடத் தெரியும் மிஸ்.

வேலையா? நாலு நாள் செஞ்சேன். எஞ்சின் பக்கத்து ஓட்டையும் கொழா ஓட்டையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. துணிக்குப் போடுற நீலத்தக் கரச்சுத் தடவி, கேஸ்கட்ட மேல வச்சு, ஊசியால சுத்திக் கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் கை கிரைண்டரால கொடையணும். அலுமினியத் தூளு மூக்கு, வாயி, சோறு எல்லாத்துலயும். வெரல விட்டுப் பாருங்க. பயப்படாம விடுங்க மிஸ், கடிக்காது. கண்ணாடி மாதிரி இல்ல? நாலும் ஒரே அளவு. ஒரு நூல் பெசகாது.

கோட்டுக்கு வெளியவும் கொடஞ்சிருக்கா? ஆமா, கொடஞ்சிருக்கேன். ஒங்க பைலுல பண்டாரவள ஷிராஸோட அறிக்க இருக்கும்னு தெரியும். வண்டியப் பெறகு அவங்கிட்டத்தானே இழுத்துட்டுப் போனீங்க. நல்ல மெக்கானிக்தான், ஆனா அவனுக்கு வாய் நீளம். நான் கொடையிறப்ப இங்கதான் நின்னான். ரெங்கண்ணே, கொழாவ ரொம்ப அகலமாக்காதீங்க, காத்தோட வேகம் செத்துரும், வண்டி சமதர ரோட்டுல பறக்கும், மலையில கம்மி வேகத்துல ஏறுறப்ப இழுக்காதுன்னான். பதுள மாவட்டத்துல சமதர ரோடு எங்கண்ணே இருக்குன்னு சிரிச்சான் வேற. நான் சொன்னேன், டேய், கதவ அகலத் தொறந்தாத்தாண்டா கூட்டம் உள்ள வரும், இது எஞ்சினுக்கும் பொருந்தும், சரித்திரத்துக்கும் பொருந்தும்னு.

அன்னிக்கு நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. அல்துமுல்லையில இருந்து ஜீப்பு அம்பு மாதிரி வந்துச்சு. முன்னுக்குத் தலைவர், ஓட்டுறது தம்பி, பின்னுக்கு நாலு பேரு, அதுல நானும் ஒருத்தன். தலைவர் திரும்பி என்னப் பாத்து, ரெங்கசாமி, கெட்டிக்காரன்யா நீன்னாரு. அப்புறம் மெயின் ரோட்ட விட்டுத் தோட்டத்து ரோட்டுல திரும்புனோம். மொத வளைவுல இருமுச்சு. ரெண்டாவது வளைவுல மூச்ச விட்டுருச்சு. தம்பி மிதிக்குது, சத்தந்தான் வருது, வண்டி வரல. நம்ம சங்கம் மாதிரியே.

போன் சிக்னலும் இல்ல. நாந்தான் சொன்னேன், தலைவரே, பங்களாவுக்குக் குறுக்குப் பாதையில அர மைல்தான்னு. குறுக்குப் பாத எங்க போவுது? கீழ் டிவிசன் லயத்து வாசல் வழியாப் போவுது.

பன்னெண்டு வருசத்துக்குப் பெறகு தலைவரோட காலு அந்த மண்ணுல பட்டுச்சு மிஸ். மழ வேற. வெள்ள வேட்டி, அதுல அட்ட ஏறிருச்சு. எங்க அட்டைங்களுக்குத் தலைவரு தொழிலாளின்னு பேதமே கெடையாது. பதறிப்போயி அந்த லயத்துக் கருப்பம்மா வீட்டு வாசல்ல உக்காந்தாரு. கருப்பம்மா உப்பக் கொண்டாந்து காலுல தேச்சுது. தேச்சு முடிச்சுக் கையப் புடிச்சுது பாருங்க, விடவே இல்ல. வாங்க சாமி, இம்புட்டு தூரம் வந்துட்டீக, எஞ்செவுரு வாயப் பொளந்து கெடக்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கன்னு உள்ள இழுத்துட்டுப் போயிருச்சு. செவுத்து வெடிப்புல தலைவரோட கை முழங்கை வரைக்கும் போச்சு. அதுக்குள்ள கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் கூடையோட எறங்கி வந்துட்டாங்க. ஒரு புள்ள போன உசத்திப் புடிச்சுக்கிட்டு லயத்து உச்சிக்கு ஏறிருச்சு, அங்க மட்டுந்தான் சிக்னல் வரும். அது சத்தம் போடுது, ஐயா, இப்ப லைவ்ல இருக்கோம், பிளேகிரவுண்டு எங்களுக்கா ஹோட்டலுக்கான்னு.

என்னா சொல்வாரு? மொகத்துல மழ, காலுல ரத்தம், சுத்தி எரநூறு பொம்பள. ஒரு அடி மண்ணும் விட்டுக் குடுக்க மாட்டேன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு, மொத தடவ சரியாக் கேக்கலன்னு கருப்பம்மா சொல்லுச்சு. மத்தியானத்துக்குள்ள கம்பனிக்காரவங்க பங்களாவ விட்டு எறங்கிப் போயிட்டாங்க. போன கெழம அளவுக்காரங்க வந்து கயிறு புடிச்சு ஏழு ஏழு பேர்ச்சா முள அடிச்சிருக்காங்க. நீங்க திரும்பிப் போறப்ப பாத்துட்டுப் போங்க.

அதுக்குத்தானே இந்த விசாரண. சதின்னு தலைவர் சொல்றாரு. ஆமா, சதிதான்.

என்னாது? சதி இல்லன்னு நீங்க எழுதப் போறீங்களா?

கவனக்குறைவா? வேல தெரியாமையா? மிஸ், மிஸ், கொஞ்சம் நிப்பாட்டுங்க. எச்சரிக்கையோட முடிஞ்சிரும், அங்கத்துவம் போவாது, எல்லாம் சரி, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. அதான் ஷிராஸு சாட்சி இருக்கானே, இழுக்காதுன்னு எனக்கு முன்னாடியே சொன்னானே! தெரிஞ்சேதானே கொடஞ்சேன்! அத எழுதுங்க.

ஆ... கேளுங்க.

வண்டி நிக்கும்னு தெரிஞ்சிருந்தா, எதுக்குப் புது வேட்டி கட்டிக்கிட்டு அதுல ஏறுனேன்னு கேக்குறீங்க. சட்டைப் பையில எதுக்கு வரவேற்புரை எழுதி வச்சிருந்தேன்னு கேக்குறீங்க. அது ஜீப்புக்குள்ள கெடந்துச்சா? என் கையெழுத்துதான். காட்ட வேணாம், எனக்கு மனப்பாடம்.

லோ கொலேஜ்ல ஒழுங்காத்தான் படிச்சுக் குடுத்திருக்காங்க.

சரி, போன அணைங்க. அணைச்சிட்டீங்களா? இந்தா, தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

தம்பி சொல்லுச்சு மிஸ். மாமா, வண்டி பறந்துச்சுன்னா அப்பாகிட்ட சொல்லி அடுத்த மே தினத்துக்கு ஒங்களுக்கு மேடையில ஒரு நாற்காலின்னு. நாப்பத்தொரு வருசமா மேடைக்கு முன்னால நின்னு கத்துனவன் நான். எந்த எடத்த விக்கப் போறாங்கன்னு தெரியும், கருப்பம்மா செவுரு தெரியும். தெரிஞ்சும் நாலு நாள் ராப்பகலா, இன்னும் கொஞ்சம் வேகமா வந்து சேரட்டும்னு கொடஞ்சேன். ஷிராஸு சொன்னத நம்பவே இல்ல. யாவாரிப் பய, நம்ம வேலையில பொறாமப்படுறான்னு நெனச்சேன். வளைவுல வண்டி நின்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

என் வாழ்க்கையில நான் ஜெயிச்சது இது ஒண்ணுதான். அதுவும் எனக்குத் தெரியாம.

இப்ப நான் கீழ் டிவிசன் பக்கம் போனா பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சு நிக்கிறாங்க. கருப்பம்மா பேரப்புள்ளைக்கு ரெங்கசாமின்னு பேரு வச்சிருக்கு. அந்தப் புள்ளைய என் கையில குடுத்துச்சு. அதுகிட்டப் போயி கவனக்குறைவுன்னு சொல்லச் சொல்றீங்களா?

போன மறுபடி போடுங்க மிஸ். சங்கத்த விட்டு நீக்கட்டும், பரவால்ல. நாசவேலைன்னே எழுதுங்க. முன்னால திட்டமிட்டுன்னு ஒரு வார்த்தையும் சேத்துக்கங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்.